கம்பி அறுந்தபோது

2013 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29 ஆம் நாள். ஸ்பெயின் நாட்டு அரகோன் திடலில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் தலைவகுப்பாகிய மோட்டோ ஜீபீ போட்டி. ஹோண்டா அணியினர் இருவர், ஒருவர் பின் ஒருவராய் வளைவொன்றை அணுகினர். பின்னால் வந்த மார்க் மார்க்கெஸ் சற்றே தாமதித்துப் பிரேக் பிடித்தமையால், முன் சென்ற டானி பெட்ரோசாவின் வண்டியை உரசிவிட்டார். உரசல் அற்பமே. ஆயினும் பின்சக்கரத்தின் வேகத்தை அளக்கும் கருவியின் கம்பி அதிலே அறுந்தது. பெட்ரோசா வழக்கம்போல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். மறுகணம் வண்டி அவரைத் தூக்கி எறிந்தது.

பெட்ரோசா கற்றுக்குட்டி அல்லர். 125 சீசீ வகுப்பில் ஒருமுறையும், 250 சீசீ வகுப்பில் இருமுறையும் உலக வாகை சூடியவர். அத்தகையவரின் உயிர் ஒரு மெல்லிய கம்பியிலா தொங்கிற்று? 'இன்று ஓட்டுவது கணிப்பொறி. மனிதன் வெறும் சுமை' என்று ஏளனம் செய்வோர்க்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

அந்தக் கருவியின் வேலை எளிது. முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் மிகையாகச் சுழன்றால், டயர் வழுக்குகிறது என்று பொருள். உடனே அது எஞ்சினின் வலிமையைக் குறைத்துவிடும். குறைக்காவிடில், வழுக்கிய டயர் திடீரெனத் தரையைப் பற்றும், வண்டி உதறும், ஓட்டுபவர் மேலே பறப்பார். 500 சீசீ இருவீச்சு எஞ்சின்கள் கோலோச்சிய காலத்தில் இத்தகைய வீழ்ச்சிகள் எத்தனையோ! அந்நாளில் 1990 முதல் மூன்றாண்டு தொடர்ந்து வாகை சூடிய வேய்ன் ரெய்னி, 1993 இல் இத்தாலியின் மிசானோ திடலில் விழுந்து முதுகெலும்பு முறிந்தார். அதன்பின் அவர் நடக்கவில்லை. 'அதுவல்லவா கலப்படமற்ற திறமையின் காலம்!' என்று பெருமூச்சு விடுவோர், அந்தச் சக்கர நாற்காலியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அரபு எழுத்துக்கு முதலில் ஸபர், ஸேர், பேஷ் என்னும் குறிகள் கிடையா. திருமறையை ஓதுவதில் பிழை நேர்கிறதே என்று அஞ்சி, அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்களே புள்ளிகளால் அவற்றை முதலில் இட்டார்கள் என்பது மரபு. அதனால் ஓதுதலின் மாண்பு குன்றியதென்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மத்ரஸாவில் நான் கண்டதையும் மறைப்பதற்கில்லை. குறியிட்ட ஏடுகளையே ஆண்டுக்கணக்கில் ஓதிய மாணவன், குறியற்ற கிதாபை விரித்ததும் ஊமையாகிறான். வாக்கியத்தில் செய்பவன் யார், செய்யப்பட்டது எது என்று தேடும் பழக்கத்தை அவன் கண் இழந்திருக்கும். அறிவு இல்லாமலில்லை, அது குறியின்மேல் சாய்ந்து உறங்கிவிட்டது. பெட்ரோசாவின் கைக்கு நேர்ந்ததும் அதுவே என்று கருதுகிறேன். கம்பி இருக்கும்வரை, அவர் முறுக்கிய அளவு மிகச் சரியான அளவு!

ஆயினும் திறமைக்கு அங்கே வேலையற்றுப் போகவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக், இன்று சாலை வண்டிகள் பலவற்றில் இருப்பது, மோட்டோ ஜீபீயில் விலக்கப்பட்டது. முன்டயர் வழுக்கினால் காக்க எந்த மின்னணுவும் இல்லை, முழங்கையும் முழங்காலும்தான். 2016 முதல் எல்லா அணியினர்க்கும் ஒரே கணிப்பொறி, ஒரே நிரல் என விதித்தனர். பெரும் பொருள் கொட்டி நிரல் எழுதிய நிறுவனங்களின் மேலாண்மை குறைந்தது. அவ்வாண்டு ஒன்பது பேர் வெவ்வேறு போட்டிகளில் வென்றனர். டயர் நிறுவனமும் அவ்வாண்டே மாறியது, மழையும் கைகொடுத்தது. ஆதலால் புகழ் முழுவதையும் விதிக்கே சூட்ட மாட்டேன். ஆயினும் கருவியை ஒழிக்காமல் யாவர்க்கும் சமமாக்கியதே எனக்கு உவப்பான தீர்ப்பு.

அரகோன் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. உரசிய மார்க்கெஸுக்கு ஒரு தண்டப்புள்ளி. கம்பியைக் காப்பின்றி விட்ட ஹோண்டாவுக்கு, தயாரிப்பாளர் பட்டியலில் 25 புள்ளிகள் இழப்பு. இரண்டும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்லதான். விழுந்த பெட்ரோசாவின் கையைப் பற்றி மட்டும் அத்தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை.