மஞ்சள் வாளி

மார்ச் 4, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். தவக்காலம் தொடங்குவதற்குள் வீட்டிலுள்ள முட்டை, பால், வெண்ணெயைச் செலவழித்துவிட வேண்டும் என்பது அந்தக் கால ஏற்பாடு. அதனால் இன்று ராத்திரி அயர்லாந்தின் இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் பான்கேக்தான். மைதாவும் முட்டையும் பாலும் சேர்த்து நீர்க்கக் கரைத்து அரை மணி நேரம் வைத்திருந்தேன். மகள் எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை தூவிக்கொண்டாள். அவள் தம்பிக்கு வெண்ணெய் மட்டும் போதும்.

மாமியார் வந்திருந்தார். பிள்ளைகள் இந்த ஊர் வழக்கப்படி அவரை "நானா" என்று கூப்பிடுவார்கள். மாமனார் இறந்த பிறகு வரும் முதல் பான்கேக் செவ்வாய் இது. வாணலியைச் சுண்டிப் பான்கேக்கை அந்தரத்தில் திருப்பிப் பிடிப்பது எப்போதும் அவர் வேலை. இன்று என் வீட்டுக்காரர் செய்தார். "உங்கப்பா இவ்வளவு உயரம் போட்டதே இல்லை" என்று சொல்லி, மாமியார் இன்னொன்று போடச் சொன்னார்.

மார்ச் 5, புதன்

பள்ளியிலிருந்து இருவரும் ட்ரோக்கரா பெட்டியோடு வந்தார்கள். தட்டையாக வரும் அட்டை; மடித்துச் செருகினால் உண்டியல். 1973-இல் அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் தொடங்கிய நிவாரண அமைப்பு ட்ரோக்கரா. தவக்காலம் முழுக்க இந்தப் பெட்டி வீடுகளில் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும். தூரத்து நாட்டுக் குடும்பம் ஒன்றின் படம் ஒவ்வொரு வருடமும் அதன் மேல் அச்சாகியிருக்கும். உப்புக்கும் வெண்ணெய்க்கும் நடுவே அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். நாற்பது நாள் மிட்டாய் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள், அந்தக் காசு பெட்டிக்கு. தம்பி விட்டுவிடக்கூடியவற்றுக்குப் பெரிய பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 15, சனி

மாமியார் வீட்டில் ரொட்டி சுட்ட நாள். அவர் கையால் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு அலுப்பதேயில்லை.

கரகரப்பாக அரைத்த முழுக் கோதுமை மாவு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு கைப்பிடி மைதா, உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. சோடாவை உள்ளங்கையில் கொட்டி, கட்டி இல்லாமல் கட்டைவிரலால் நசுக்கித் தூவுகிறார். நடுவில் குழி. அதில் கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் புளித்த மோர், கெட்டியானது. விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, வட்டமாக நாலு சுற்று. அவ்வளவுதான், பிசையவே கூடாது. மோரின் புளிப்பு சோடாவில் பட்டவுடன் மாவு உப்பத் தொடங்கிவிடுகிறது. தாமதித்தால் அந்தக் காற்று வீண். ஈஸ்ட் இல்லை, ஊறவைப்பது இல்லை. அயர்லாந்தின் ஈரக் காற்றில் விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் ரொட்டிக்கு வேண்டிய இழுவை அதில் குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சோடா மலிவாகக் கிடைத்தபோது, கணப்பு அடுப்பும் ஒரு இரும்புச் சட்டியும் மட்டுமே இருந்த வீடுகள்கூட அன்றாடம் ரொட்டி சுட முடிந்தது அதனால்தான்.

மேலே கத்தியால் ஆழமாகச் சிலுவை கீறுகிறார். சூடு நடுவரை போக அது வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் சொல்லும் காரணம். ஆசீர்வாதம் என்பது மாமியார் சொல்வது. 200 டிகிரியில் முக்கால் மணி நேரம். எடுத்ததும் கவிழ்த்து, முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல அடியைத் தட்டுகிறார். சத்தம் சரியாக இருந்தால் துணியில் சுற்றி வைத்துவிடுவார்.

எப்போதும் இரண்டு சுடுவார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று போகிற இடம் வாரத்துக்கு வாரம் மாறும்: பிள்ளை பெற்று வந்தவள், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்தவர், துக்க வீடு. மாமனார் இறந்த வாரம் எங்கள் சமையலறை மேடையில் துணி சுற்றிய ரொட்டிகளும் சாண்ட்விச் தட்டுகளும் வைக்க இடமில்லாமல் கிடந்தன. தட்டுகளின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார்கள். கழுவித் திருப்பிக் கொடுக்கப் போன வீடுகளில்தான் இந்த ஊர் மனிதர்களை நான் உண்மையில் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

புனித பேட்ரிக் திருநாள். ஊர்வலத்தில் டிராக்டர்கள், பள்ளிப் பிள்ளைகள், தீயணைப்பு வண்டி. சாயங்காலம் தோட்டத்தில் விதை உருளைக்கிழங்கு ஊன்றினோம். சில வாரமாக முட்டை அட்டையில் வரிசையாக நிறுத்தி, ஜன்னலோரம் முளைவிட வைத்திருந்தார் மாமியார். முளை மேல்பார்த்து இருக்க வேண்டும் என்று தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார்.

மார்ச் 28, வெள்ளி

டாஃபடில் நாள். ஐரிஷ் புற்றுநோய்ச் சங்கம் 1988-இலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் நடத்துவது. மஞ்சள் நிறப் பூக்கொத்து, சட்டையில் குத்தும் பூ, மூடி முத்திரையிட்ட வாளி. தெருவில் நின்று காசு திரட்ட இங்கே 1962-ஆம் வருடச் சட்டப்படி கார்டா, அதாவது காவல்துறை, அனுமதி தர வேண்டும். நினைத்தவர் நினைத்த இடத்தில் டப்பா குலுக்க முடியாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வாளியை நம்பிப் போடலாம்.

வெஸ்ட்போர்ட்டில் சூப்பர்மார்க்கெட் வாசலில் காலையிலிருந்தே மாமியார் நின்றார். மதியம் நானும் சேர்ந்துகொண்டேன். கடலிலிருந்து ஈரக் காற்று, அவ்வப்போது தூறல். பூ விற்பது அரை வேலைதான். மீதி அரை, காசு போட்டவர் சொல்வதைக் கேட்பது. சேற்றுப் பூட்ஸோடு வந்த விவசாயி ஒருவர் நோட்டை நாலாக மடித்து வாளியில் திணித்துவிட்டு, "என் தங்கைக்கு" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை மாமியார் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் பையைத் தடவி எல்லாச் சில்லறையையும் போட்டான். ஒரு பெண் பூ வாங்காமல் கடந்து போய், காரில் சாமான் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மூன்று கொத்து வாங்கினார்.

இந்தக் காசு எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை. மாமனாரின் கடைசி நாட்களில் ராத்திரி செவிலி வந்தார். புற்றுநோய்ச் சங்கம் அனுப்புகிறவர். வீட்டிலேயே இறக்க விரும்புகிறவர்களுக்குப் பத்து இரவுகள் வரை, ஒரு பைசா வாங்காமல். முதல் ராத்திரி வந்தவுடன் கோட்டைக் கழற்றி மாட்டினார், மாமனாரின் பெயரைச் சொல்லி அவரிடமே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், தலையணையைச் சரிசெய்தார், அப்புறம் எங்களைப் பார்த்து, "நீங்கள் எல்லாரும் போய்ப் படுங்கள்" என்றார். மாமியார் பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் முழு ராத்திரி தூங்கினார். காலையில் செவிலி போகும்போது, ராத்திரி மாமனார் என்ன பேசினார், எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒரு இரவு எங்கோ ஒரு வாளியில் யாரோ போட்ட சில்லறையிலிருந்து எங்களுக்கு வந்தது.

வீடு திரும்பும்போது எங்களுக்குள் வாக்குவாதம். சாகப்போகிறவருக்குத் துணையாக ஒரு செவிலி என்பது அரசு செய்ய வேண்டியது, பூ விற்ற காசை நம்பி அது இருக்கக் கூடாது என்றேன். "செய்யட்டும். அவர்கள் செய்கிறவரை ராத்திரி யார் உட்கார்வது?" என்று கேட்டார் மாமியார். நான் சொன்னது இப்போதும் சரி என்றே நினைக்கிறேன். அவர் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த மார்ச்சிலும் அவரோடு நிற்பேன்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள்

மிட்டாய் விரதம் முடிந்தது. ட்ரோக்கரா பெட்டி கனமாகப் பள்ளிக்குக் காத்திருக்கிறது. நால்வரும் நியூபோர்ட்டிலிருந்து மல்ரனி வரை சைக்கிளில் போனோம், 18 கிலோமீட்டர். 1937-இல் மூடப்பட்ட அக்கில் ரயில் பாதையைத்தான் 2010-இலிருந்து கிரீன்வேயாக, அதாவது நடக்கவும் சைக்கிள் ஓட்டவுமான பாதையாக, மாற்றினார்கள். வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் வரை 40 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் க்ளூ விரிகுடாவின் குட்டித் தீவுகள். தெற்கே மேகம் விலகியபோது குரோக் பேட்ரிக் முழுசாகத் தெரிந்தது. 764 மீட்டர் மலை. உச்சியில் 1905-இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம். ஜூலைக் கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுவார்கள், சிலர் வெறுங்காலோடு.

பாதை நெடுக ஆட்டுக் கதவுகள். ரயில் போன பிறகு நிலம் விவசாயிகள் கைக்கு வந்திருந்தது. அவர்கள் பணம் வாங்காமல், தங்கள் வயல் வழியே ஊரார் போய்வர அனுமதி தந்ததால்தான் இந்தப் பாதையே உண்டானது. கதவைத் திறந்தால் மறுபடி மூட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. மகள் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்துத்தான் சைக்கிளில் ஏறினாள். மல்ரனியில் கடற்கரைக் கற்களில் உட்கார்ந்து, ரொட்டியும் வேகவைத்த முட்டையும் பிளாஸ்க் டீயும்.

மே 4, ஞாயிறு

பத்து மணித் திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கேக் விற்பனை, காசல்பாரில் உள்ள மேயோ ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்காக. 14 படுக்கைகள், 2019-இல் திறந்தது. கட்டுவதற்கான பணத்தை மேயோ, ராஸ்காமன் மாவட்டத்து மக்கள் பல வருடம் இப்படித்தான் சேர்த்தார்கள்.

நான் மைசூர்பாகு செய்தேன். கெர்ரிகோல்ட் வெண்ணெயை உருக்கினால் வருகிற நெய் மணக்க மணக்க இருக்கும். அதற்கு ஏற்ற பலகாரம் வேறு தெரியவில்லை எனக்கு. எதில் என்ன சேர்ந்திருக்கிறது, கொட்டைப்பருப்பு உண்டா, பால் உண்டா என்று ஒவ்வொரு தட்டிலும் சீட்டு. மேசையில் ருபார்ப் தண்டு வைத்த டார்ட், ஆப்பிள் டார்ட், காபி கேக், ஸ்கோன், ஜாம் பாட்டில்கள். விவரம் தெரிந்தவர்கள் யார் சுட்டது என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். ஒரு பெரியவர் கதவு திறந்ததும் நேராக வந்து, குறிப்பிட்ட ஒருவர் சுடும் ஆப்பிள் டார்ட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் டீ குடிக்க உட்கார்ந்தார். நடுவில் குலுக்கல்: கசாப்புக்கடைக்காரர் தந்த இறைச்சிக் கூடை, முடிதிருத்தும் கடை தந்த கூப்பன். பரிசு தந்தவர்களே சீட்டும் வாங்குகிறார்கள். இங்கே கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதில்லை. சுட்டவர் பக்கத்து மேசையில் வாங்குவார். வாங்கியவர் கோப்பை கழுவுவார். அதனால் பிறகு தனக்கு உதவி தேவைப்படும்போது யாருக்கும் கூச்சம் இருக்காது.

மதியத்துக்குள் மேசை காலி. இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மே 10, சனி

விடியற்காலை நாலேகாலுக்கு நடை. தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தரும் பியெட்டா அமைப்புக்காக. இந்த நடை 2009-இல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் சில நூறு பேரோடு தொடங்கியது. இப்போது நாடு முழுக்க, வெளிநாடுகளிலும். ஐந்து கிலோமீட்டர், இருட்டில் கிளம்பி வெளிச்சத்தில் முடியும். முன்பெல்லாம் இந்த ஊரில் தாழ்ந்த குரலில்கூடப் பேசப்படாத சாவு அது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இன்று பிள்ளையை இழந்த பெற்றோர் மஞ்சள் சட்டையில் பெயர் எழுதிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார்கள். கூட ஊர் நடந்தது.

மே 17, சனி

டூலாக் பஞ்ச நினைவு நடை. 1849 மார்ச் கடைசியில், நிவாரணம் கேட்டு லூயிஸ்பர்க்கில் திரண்ட நூற்றுக்கணக்கான பட்டினிக்காரர்களை, அதிகாரிகளைப் பார்க்க டெல்ஃபி மாளிகைக்கு வரும்படி சொன்னார்கள். ஏறக்குறைய 19 கிலோமீட்டர், குளிரில், மலைவழியாக. போனவர்களுக்கு அங்கே ஒன்றும் தரவில்லை. திரும்பும் வழியில் டூலாக் ஏரிக்கரையில் பலர் விழுந்து செத்தார்கள். 1841-இல் மேயோவில் ஏறக்குறைய 3,89,000 பேர் இருந்தார்கள்; இன்று அதில் பாதிகூட இல்லை.

ஏரிக்கரைக் கல்லில் காந்தியின் வாசகம் ஒன்றைப் பொறித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 1991-இல் இங்கே நடந்திருக்கிறார். அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரும் வந்து நடந்திருக்கிறார்கள். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு இரண்டு பத்தாண்டுகூட ஆகாத நிலையில், 1847-இல் அயர்லாந்தின் பசிக்காக 170 டாலர் திரட்டி அனுப்பியவர்கள் அவர்கள். 2020-இல் கொரோனாவால் தவித்த நவஹோ, ஹோபி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுக்காக நிதி கேட்டபோது, அந்த உதவியை நினைத்து அயர்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பணம் போட்டார்கள். எங்கள் மாமியாரும் போட்டார்.

நடக்கும்போது மகளிடம் கல்கத்தாவைப் பற்றிச் சொன்னேன். 1846-லேயே அங்கிருந்து 14,000 பவுண்டு போலத் திரண்டு வந்தது. கம்பெனிப் படையின் ஐரிஷ் சிப்பாய்களோடு இந்தியர்களும் கொடுத்தார்கள். "அப்படியானால் அம்மா ஊர்க்காரர்கள் நானா ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்றாள். கல்கத்தாவுக்கும் என் ஊரான மதுரைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சொன்னேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. மாமியார் அந்தச் செய்தியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு வழியில் சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜூனில் ஹாஸ்பிஸுக்காகச் சூரியகாந்தி நாட்கள். மேசைக்கு ஆள் வேண்டும் என்று செய்தி வந்திருக்கிறது. சனிக்கிழமை காலைக்கு என் பெயரையும் மகள் பெயரையும் கொடுத்துவிட்டேன். மாமியார் மதியம் நிற்பார்.