தெள்ளுப்பூச்சி வைத்தியம்

2011-ல் மனைவி சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்த லேப்டாப். இப்போது ஆமை வேகம். "தூக்கிப் போடுங்கப்பா" என்றான் மகன். அவள் போனபின் அதற்கு மனசு வரவில்லை.

வண்டியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் அண்ணா நகர் போய், பிராசசரை மாற்றித் தரச் சொன்னேன். "இந்தக் காலத்து மெஷின்ல முக்கால்வாசி போர்டோட சால்டர் பண்ணிடறாங்க ஐயா. உங்களுது சாக்கெட், கழற்றலாம்" என்றார் கடைத் தம்பி. ஐ3-2310எம் போய், பழைய ஐ5-2520எம் வந்தது. இரண்டும் 35 வாட்தான். அதனால் அதே ஃபேன் சூட்டைத் தாங்கும். ஸ்க்ரூவை அரைச்சுற்றுத் திருப்பியதும் சிப் கையோடு வந்தது. காரைக்காலில் பிரெஞ்சுவழி படித்த எனக்குச் சிரிப்பு. பிரெஞ்சில் சிப்புக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஒரே சொல், 'ப்யூஸ்'.

வீட்டில் போட்டால், திறப்பதற்குள் காபி ஆறிப்போகிறது! மறுபடி ஓடினேன். குற்றவாளி சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்காம். அதில் அவள் தட்டிவைத்த வீட்டுக் கணக்கை முதலில் காப்பி எடுக்கச் சொல்லிவிட்டு, எஸ்எஸ்டி போட்டேன். இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது.

"முதலிலேயே சொல்லக் கூடாதா தம்பி?"

"நீங்க பிராசசர்தானே கேட்டீங்க ஐயா."

கோபிக்க முடியவில்லை. கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் நானும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.