அம்மம்மாவின்ர டிஸ்க்கும் ஒரு பழைய ப்ளூரே டிரைவும்

எங்கட வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், அம்மாவின் கூறைச்சேலைக்குப் பக்கத்தில், பொலித்தீன் பையில் சுற்றின இரண்டு டிஸ்க் ஒன்பது வருசமாகக் கிடந்தன. நீலப் பெட்டி. மேலே மச்சாளும் அவவின் மாப்பிள்ளையும் கைகோர்த்து நிற்கிற படம். 2014 இல் டொரொண்டோவில் நடந்த கலியாணம். அடுத்த வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஆரோ ஒருவரிடம் மாமா குடுத்து அனுப்பியிருந்தார். வந்த அன்றைக்கே கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தோம். டிரைவ் இரண்டு தரம் உறுமியது, பிறகு சத்தமில்லை. டிஸ்க்கை உள்ளே போடச் சொல்லித் திரையில் வந்தது. டிஸ்க் உள்ளேதான் இருந்தது. "பழுதான சாமானை அனுப்பியிருக்கிறான்" என்று அம்மா மாமாவைப் பேசிவிட்டுக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தா. அதோடு மறந்துவிட்டோம்.

போன வருசக் கடைசியில் மாமா போன் எடுத்தபோது, பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "ரெண்டாவது டிஸ்க்கில அம்மா மைக் பிடிச்சுக் கதைக்கிறா எல்லே. நீங்கள் பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. அம்மம்மா அந்தக் கலியாணத்துக்கு விசிற் விசாவில் போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தவ. 2019 இல் மோசம் போயிட்டா. படங்கள் இருக்கின்றன, ஐடென்ரிகார்ட் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் கொழுவியும் இருக்கிறோம். குரல்தான் எங்களிடம் ஒரு துண்டும் இல்லை. 95 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது பழைய அல்பங்களும் கசெற்றுகளும் போனது போனதுதான் என்று அம்மா சொல்லுவா. பிறகு போன் வந்த காலத்திலும் அம்மம்மாவைப் பதிவு செய்ய வேணும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆள் முன்னுக்கே இருக்கேக்க ஆர் பதிவு செய்யிறது?

மாமாவை அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பச் சொன்னோம். அவரின் வீட்டு நிலக்கீழ் அறைக்குள் ஒருமுறை தண்ணி ஏறி, அவரின் பெட்டியும் மச்சாளின் பெட்டியும் சேர்ந்து போய்விட்டதாம். வீடியோ எடுத்தவர் ஸ்ரூடியோவை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆக, மிஞ்சியிருப்பது எங்கட அலுமாரியில் இருப்பது மட்டும்தான்.

எங்களைப் பற்றியும் சொல்ல வேணும். மூன்று பேர். மூத்தவ முன்பள்ளியில் படிப்பிக்கிறா. நடுவில் கலைப்பீடம், மூன்றாம் வருசம். கடைசி, ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று பேருக்கும் கொம்பியூட்டர் என்றால் படம் பார்க்கிற பெட்டி. மஹாபொல 5000, அக்காவின் சம்பளத்தில் ஒரு பங்கு, தம்பியின் உண்டியல் எல்லாம் கூட்டிப் பார்த்து 10,000 ரூபாவுக்குள் முடிக்க வேணும் என்று முடிவெடுத்தோம்.

முதல் இரண்டு நாளும் சும்மா போனது. ஏதோ மென்பொருள் இல்லாததால்தான் ஓடவில்லை என்று நினைத்து, இணையத்தில் கிடந்ததையெல்லாம் இறக்கிப் போட்டோம். டேற்றாதான் முடிந்தது. விசயம் வெளிச்சத்தில் இருக்கிறது. சீடியை வாசிக்கிற லேசர் கதிரின் அலைநீளம் 780 நனோமீற்றர், டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405. பேர் நீலம் என்றாலும் அது ஊதாப் பக்கம் சாய்ந்த நிறம். அலைநீளம் குறையக் குறைய இன்னும் சின்னப் புள்ளியை வாசிக்கலாம். அதனால்தான் ஒரே அளவு தட்டில் டிவிடி 4.7 ஜிபி பிடிக்க, ப்ளூரே ஒரு படையில் 25 ஜிபி, இரண்டு படையில் 50 ஜிபி பிடிக்கிறது. டிவிடி டிரைவால் ப்ளூரேயைப் படிக்கச் சொல்லுவது, அரிசியில் எழுதினதைக் கட்டைவிரலால் தடவி வாசிக்கச் சொல்லுவது மாதிரி. என்ன மென்பொருள் போட்டாலும் விரல் மெலியாது. மாமாவை ஒன்பது வருசம் பேசினது பிழை என்று அம்மாவிடம் சொன்னோம். "அவன் சொல்லியிருக்கலாம்தானே" என்றா.

அடுத்தது கடை. யாழ்ப்பாண டவுனில் ஏறி இறங்கினோம். முக்கால்வாசிப் பேர் சிரித்தார்கள். "டிவிடியே ஒருத்தரும் கேக்கிறேல்லை தங்கச்சி, பென் டிரைவ் தரட்டோ?" ஒரு கடையில் மட்டும் "இருக்கு" என்று ஒரு கறுத்தப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்கள். யூஎஸ்பியில் கொழுவுவது, 5500 ரூபா. பெட்டியில் ப்ளூரே என்று பெரிய எழுத்து. குத்தினால் நீல லைற் எரியும். எங்களுக்கு வந்த சந்தோசத்தில் காசை எண்ணத் தொடங்கிவிட்டோம். தம்பிதான், "அண்ணா, ஒருக்கா லப்டொப்பில போட்டுக் காட்டுங்கோவன்" என்று கேட்டான். கொழுவினால் விண்டோசின் கருவிப் பட்டியலில் டிவிடி என்றுதான் பேர் வந்தது. நீலமாக இருந்தது அந்த லைற் மட்டும்தான். கடைக்கார அண்ணாவுக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். அவருக்கும் ஆரோ அப்படிச் சொல்லித்தான் வித்திருப்பினம்.

அதற்குப் பிறகு பெட்டியை நம்புவதில்லை, மொடல் இலக்கத்தைத்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். உதாரணத்துக்கு எல்ஜியில், வெளியே கொழுவுகிற டிரைவ் 'ஜீபீ' என்று தொடங்கினால் டிவிடி, 'பீபீ' என்று தொடங்கினால் ப்ளூரே. கொம்பியூட்டருக்கு உள்ளே பூட்டுகிறதில் 'சீஎச்' என்றால் ப்ளூரேயை வாசிக்கும், ஆனால் டிவிடி, சீடியில் மட்டும்தான் எழுதும். 'டபிள்யூஎச்' என்றால் ப்ளூரேயிலும் எழுதும். கொழுவினபிறகு விண்டோசில் வருகிற பேரில் 'பீடி' இருக்கிறதா என்று பார்த்தால் இன்னும் நல்லது. ஸ்ரிக்கரை ஆரும் ஒட்டலாம், டிரைவ் தன்னைப்பற்றிச் சொல்லுகிற பேரை மாற்றுவது அவ்வளவு லேசில்லை.

புதிதாக வெளியே கொழுவுகிற நல்ல ப்ளூரே டிரைவ் வெளிநாட்டுத் தளங்களில் 100 டொலர் அளவில் போனது. 2022 க்கு முன்னம் என்றால் 20,000 ரூபா. இப்ப 30,000. அதற்கு மேல் அனுப்புகிற காசு, வரி. அந்தப் பக்கங்களை மூடிவிட்டோம்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்தது. கலைப்பீடத்து ஆளுக்கு வேறு ஆசை. கம்பஸில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து படம் பார்க்கிற ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. புதுப்பித்து வெளியான சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களையும் ப்ளூரேயில் பார்க்க வேணும் என்பது அந்த வட்டத்தின் நெடுநாள் கனவு. வாங்குகிறதுதான் வாங்குகிறோம், படமும் ஓடுகிற மாதிரி, எழுதவும் கூடிய மாதிரி வாங்குவோமே என்று ஒரு கட்சி.

தேடத் தேடத்தான் தெரிந்தது, கடையில் விற்கிற படத்துக்கும் கலியாணவீட்டு டிஸ்க்குக்கும் டிரைவ் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. கடைப் படம் பூட்டுப் போட்டு வரும். விண்டோஸ் அதைத் தானாக ஓட்டாது, காசு குடுத்து வாங்குகிற மென்பொருள் வேணும். எங்களுடையது மாதிரி விஜிஏ வயரில் ஓடுகிற பழைய மொனிட்டர் என்றால் அதுவும் மாட்டேன் என்று சொல்லக்கூடும். அதுக்கு மேலால் வலயம். உலகத்தை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு வலயத்துக்குப் பூட்டின டிஸ்க் மற்ற வலயத்தில் ஓடாது. எல்லா டிஸ்க்கும் அப்படிப் பூட்டினதில்லை, ஆனால் அபு பெட்டி அமெரிக்காவில் வந்தது, ஏ. எங்கட சொந்தக்காரரை வைத்துப் பார்த்தால் கனடா மாமா ஏ, லண்டன் சித்தி பி, மெல்பேர்ன் பெரியப்பாவும் பி, நாங்கள் இந்தியாவோடு சேர்ந்து சி. ஆர் ஆசையாக என்ன படம் வாங்கி அனுப்பினாலும் எங்கட வீட்டில் ஓடுவது சந்தேகம். இதைப் பிரித்தவர்கள் எங்கட சனத்தை மனதில் வைத்திருக்கமாட்டார்கள்தான், ஆனாலும் கோபம் வந்தது.

கலியாணவீட்டு டிஸ்க்குக்கு இந்தச் சனியன் ஒன்றும் இல்லை. வீடியோக்காரர் தன் கொம்பியூட்டரில் எழுதினது. பூட்டும் இல்லை, வலயமும் இல்லை. விஎல்சியே போதும். சரி, படக்கனவை விட்டோம். எழுதுகிற வசதியையும் விட்டோம். வெறும் ப்ளூரே டிஸ்க்கே யாழ்ப்பாணத்தில் கண்ணில் படவில்லை, எழுதி என்ன செய்ய? நாங்கள் முடிவெடுத்துக் கொஞ்ச நாளில், 2025 பெப்ரவரியோடு எழுதக்கூடிய ப்ளூரே டிஸ்க் செய்வதை நிப்பாட்டப் போவதாகச் சோனி அறிவித்தது. அக்காவுக்கு அதில் ஒரு பெருமை, தான் சொன்னதைச் சோனியும் கேட்டது மாதிரி.

மிஞ்சினது கழட்டின சாமான். எங்கட கொம்பியூட்டர் 2010 ஆம் ஆண்டுப் பழசு, வாசலில் பெரிய டிரைவ் வைக்கிற இடம் உண்டு. இப்ப வருகிற பெட்டிகள் பலதில் அந்த இடமே இல்லை. பழசு என்று நாங்கள் வெட்கப்பட்ட ஒன்று முதல் தரம் உதவினது அப்போதுதான். இருந்த டிவிடி டிரைவ் சாட்டா வயரில் ஓடுகிறது, ப்ளூரேயும் அதே வயர், அதே கரண்ட் முனை. வேறொன்றும் வாங்கத் தேவையில்லை.

பட்ஜ் பொடியன் ஒருவனின் வீடு வெள்ளவத்தையில். லீவுக்குப் போனவனிடம் சொல்லிவிட்டோம். பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் அலைந்து, பழைய மெசின்கள் விற்கிற ஒரு இடத்தில் 'சீஎச்' வகை ஒன்றைக் கண்டுபிடித்தான். 9000 சொன்னதை 7500 க்குக் குறைத்தான். அவனிடம் சென்னையில் வாங்கின ஒரு ப்ளூரே படம் இருந்ததுதான் பெரிய அதிர்ஷ்டம், அதைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். படம் ஓடத் தேவையில்லை. டிஸ்க்கைத் திறந்தால் 'பீடிஎம்வி' என்ற கோப்புறை தெரிகிறதா என்று மட்டும் பார். தெரிந்தால் அந்த நீல லேசருக்கு உயிர் இருக்கிறது. பழைய டிரைவுகளில் சீடி லேசரும் டிவிடி லேசரும் வேலை செய்ய, ப்ளூரே லேசர் மட்டும் செத்துப்போயிருக்கலாம். டிவிடியைப் போட்டுக் காட்டிவிட்டு 'பாருங்கோ நல்லா ஓடுது' என்றால் நம்பக்கூடாது.

தெரிந்தது. அன்று இரவு பஸ்ஸிலேயே பார்சல் வந்தது. பஸ்காரருக்கு 500. மொத்தம் 8000.

பூட்டுவது பத்து நிமிச வேலை. முதல் டிஸ்க்கைப் போட்டதும் டிரைவ் உறுமியது, பிறகு அமைதி. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு திரையில் கோப்புறை வந்தது. கோப்புகளை நேரே ஓட்டினால் எங்கட கொம்பியூட்டர் திக்கித் திக்கி நின்றது, அதனால் ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணினோம். 22 ஜிபி, ஒன்றரை மணித்தியாலம். கரண்ட் போகக்கூடாது என்று அம்மா சுவாமி அறையில் விளக்கு வைத்தா.

இரண்டாவது டிஸ்க் முக்கால்வாசியில் நின்றது. வாசிக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஒரு மங்கல். ப்ளூரேயில் தகவல் இருக்கிற படை மேற்பரப்பில் இருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. மேலே கடினப் பூச்சு இருந்தாலும், ஒன்பது வருச வெக்கையும் பொலித்தீன் பையும் நல்லதில்லை. அப்பாவின் கண்ணாடித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேராகத் துடைத்தோம், வட்டமாகத் துடைக்கக்கூடாது. திரும்பவும் அதே இடம். கடைசியில், நல்லாயிருக்கிற கோப்புகளைத் தனித்தனியே எடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிற ஒரு இலவச மென்பொருளிடம் விட்டுவிட்டுப் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு சில துளிகளைத் தவிர எல்லாம் வந்திருந்தது.

அம்மம்மா 50 செக்கன்தான் கதைக்கிறா. மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிக்கத் தெரியவில்லை, ஆரோ ஒரு கை வந்து சரிப்படுத்துகிறது. கூறைச்சேலைக்கு மேல் ஒரு பெரிய கம்பளிச் சட்டை. "எல்லாரும் சந்தோசமா இருங்கோ. இஞ்ச சரியான குளிர். அங்க பிள்ளையள்" என்று தொடங்கி, அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. குரல் அறுந்து திரும்ப வரும்போது "பாக்குதுகளோ தெரியேல்லை" என்று முடிக்கிறா. சனம் சிரிக்கிற சத்தம். எதைப் பார்க்கிறோமோ தெரியவில்லை என்று சொன்னா? மாட்டை என்கிறா அம்மா. அக்கா, கோழியாம். கிணத்தடி வாழையாகத்தான் இருக்கும் என்கிறான் தம்பி, அதுக்குத் தண்ணி ஊத்தாமல் அந்த மூன்று மாதமும் ஏமாற்றினது அவன்தான். அந்த ஒரு சொல்லுக்காக டிஸ்க்கை இன்னும் நாலு தரம் ஓட்டிப் பார்த்தோம். வரவில்லை.

மூன்று பென் டிரைவ், இரண்டு போன், மாமாவுக்கு ஒன்று என்று பிரதிகள் போட்டாயிற்று. அம்மா சமைக்கும்போது போனில் அதைப் போட்டுவிட்டு வேலை செய்கிறா. டிரைவின் தட்டு இப்ப சிலநேரம் வெளியே வராது, முன்பக்கச் சின்ன ஓட்டைக்குள் நிமிர்த்தின பேப்பர் கிளிப்பை விட்டுத் தள்ள வேணும்.

கதை ஒழுங்கைக்குள் பரவிவிட்டது. பின்வீட்டு அன்ரி சுவிசில் நடந்த பேத்தியின் சாமத்தியவீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தா, ஓடினது. முன்வீட்டு ஐயா மகன் லண்டனில் இருந்து அனுப்பின ஒன்றைக் கொண்டுவந்தார், பெட்டி பிரிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் கடையில் வாங்கின இங்கிலிஸ் படம், வலயம் பி. இதை எங்கட மெசினில் பார்க்க ஏலாது ஐயா என்று சொல்லிக் குடுத்தோம். "அவன் ஆசையா அனுப்பினவன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.