உள்ளங்கை அகல நிலம்

புதிய மோட்டார்க் கார் ஒன்று வாசலில் வந்து நின்றால் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம், இருக்கையைத் தடவிப் பார்க்கிறோம், இயந்திரம் எத்தனை குதிரை வலு என்று விசாரிக்கிறோம். குனிந்து சில்லைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருப்பாரோ என்னவோ! ஆனால், எத்துணைப் பெரிய இயந்திரமாயினும், எவ்வளவு கைதேர்ந்த சாரதியாயினும், அந்தக் கார் பூமியைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஒரு மனிதனின் உள்ளங்கை அளவு. ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் தயவிலேயே நடைபெறுகின்றன. இந்த எளிய உண்மையை நாம் எமது அறுபத்தாறாவது வயதில், அதுவும் பெற்ற மகனுக்குப் பிழையான புத்தி சொன்ன பின்னரே கற்றுக்கொண்டோம். அதை ஒளிக்காமல் எழுதிவிடுவதே முறை என்று தோன்றுகிறது.

எமது பிழைக்கு ஒரு முற்கதை உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலம் அது. தந்தையார் விட்டுச்சென்ற ஒஸ்ரின் ஏ-40 காரைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, அதன்பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புது ரயர் எமக்குக் கனவிலும் கிடையாத பொருளாயிருந்தது. நூல் தெரியும்வரை ஓடுவோம். நூல் தெரிந்தபின் உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து இன்னும் சில மாதம் ஓடுவோம். குண்டும் குழியுமான வீதியில் சைக்கிளுக்குச் சற்று முந்திச் செல்லும் வேகம். ஆதலால் தீங்கொன்றும் நேரவில்லை. வரி உள்ள ரயரை எறிவது சோற்றை எறிவதற்குச் சமம் என்ற எண்ணம் அந்நாளில் எமது நெஞ்சில் ஊறிப்போயிற்று. காலம் மாறிய பின்னரும் அது மாறவில்லை.

2022 ஆம் ஆண்டு வைகாசியில், இங்கிலாந்தில் தொழில் பார்க்கும் மகனிடம் நாமும் இல்லாளும் ஆறு மாதம் தங்கியிருக்கச் சென்றோம். அவன் வீட்டு வாசலில் இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு நிறச் சிறு கார் ஒன்று நின்றது. மஸ்டா நிறுவனம் 1989 இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 வகையைச் சேர்ந்தது; 1991 இல் செய்யப்பட்டது. எடை ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அதிலேதான் அவன் வேலைக்குப் போவான். மாதம் ஒருமுறை பந்தயப் பாதைக்கும் கொண்டுபோக எண்ணியிருந்தான்.

"பந்தயம்" என்ற சொல்லைக் கேட்டதும் இல்லாளுக்கு முகம் கறுத்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். அது போட்டியன்று. கட்டணம் செலுத்தித் தலைக்கவசம் அணிந்து, விதிகளைக் கேட்டறிந்த பின், மூடிய பாதையில் தத்தம் காரை ஓட்டிப் பழகும் நாள். நேரம் குறிப்பதில்லை, வெற்றி தோல்வி இல்லை, முந்துவதற்கும் ஒழுங்கு உண்டு. பொது வீதியில் வேகம் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்று எமக்கும் பட்டது.

அவன் போகவிருந்த இடம் கெண்ட் மாகாணத்திலுள்ள பிரான்ட்ஸ் ஹாட்ச். 1964 முதல் 1986 வரை பிரித்தானியக் கிறான்ட் பிறீ பந்தயம் பல தடவை நடந்த இடம் அது. அங்குள்ள குறுகிய சுற்று ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர்.

போவதற்கு இரண்டு கிழமை முன்பு மகன் ரயர் மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தான். காருடன் வந்த நான்கும் முன்னைய சொந்தக்காரர் கொட்டிலில் வைத்திருந்தவை, அதிகம் ஓடாதவை. நாம் குனிந்து பார்த்தோம். வரிப்பள்ளங்கள் ஆழமாக, கடையில் வாங்கியது போலவே இருந்தன.

"தம்பி, இதிலை என்ன குறை? புதுசு போலையல்லோ கிடக்குது. காசைக் கரியாக்காதை."

"பழைய ரயர் எண்டு கூட்டாளிமார் சொல்லுகினம், அப்பா."

"வரி தேயாத ரயர் எப்பிடிப் பழசாகும்?"

அவன் மறுத்துப் பேசவில்லை. தந்தை சொல்லைத் தட்டாத பிள்ளை என்று அன்று மகிழ்ந்தோம்.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், புல்மேட்டில் நின்று நாம் அவனுடைய காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இல்லாள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பாதையின் முதல் வளைவுக்குப் பெடொக் ஹில் என்று பெயர். மேட்டிலிருந்து வலப்புறமாகத் திரும்பியவாறே பள்ளத்தில் இறங்கும் வளைவு அது. நுழையும்போது அதன் முடிவு கண்ணுக்குத் தெரியாது. நான்கு சுற்றுகள் நன்றாகவே போயின. ஐந்தாவது சுற்றில் சிவப்புக் கார் இறக்கத்தில் திரும்பியபோது அதன் பின்பாகம் மெல்ல விலகியது. மறுகணம் பம்பரம்போலச் சுழன்று, பின்புறமாகவே சரளைக்கற் பரப்புக்குள் போய்ப் புதைந்தது. புழுதி அடங்கும்வரை எமக்கு மூச்சு வரவில்லை. பிறகு கதவு திறந்தது. அவன் இறங்கிக் கையசைத்தான். ஒரு கீறலும் இல்லை.

காரை இழுத்து வந்தபின், பாதையில் ஓட்டக் கற்பிக்கும் முதியவர் ஒருவர் எம்மருகே வந்து ரயரின்மேல் பெருவிரல் நகத்தை ஊன்றினார். நகம் பதியவில்லை. எம்மையும் அவ்வாறு செய்யச் சொன்னார். மாட்டுக் கொம்பைத் தொட்டது போலிருந்தது. பின்பு ரயரின் பக்கச் சுவரில் சிறு நீள்வட்டத்துள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1108. முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. அஃதாவது, 2008 ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் பிறந்த ரயர். எமது மகன் அதில் ஏறி ஓடியபோது அதற்குப் பதினான்கு வயது.

இறப்பர் ஓடினால் மட்டுந்தான் தேயும் என்று நாம் எண்ணியிருந்தோம். ஓடாமல் கிடந்தாலும் அது முதுமையடைகிறது என்பதை அன்று அறிந்தோம். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெப்பமும் வெயிலும் அதைத் தாக்குகின்றன, அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் குறைகின்றன, இறப்பர் இறுகுகிறது. இறுகிய இறப்பர் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களைக் கவ்வாது. மெதுவாகச் செல்லும்போது அக்குறை தெரியாது. அவசரமாகத் தடுப்பை மிதிக்கும் நாளில் தெரியும். பத்து ஆண்டு கடந்த ரயரை, வரி இருப்பினும் கழித்துவிட வேண்டும் என்பது உற்பத்தியாளர் பலரின் அறிவுரை.

இது பந்தயக்காரருக்கு மட்டும் உரிய விஷயமன்று. 2012 புரட்டாதியில் இங்கிலாந்தின் சறே மாகாணத்தில், இளைஞர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்றின் முன் ரயர் வெடித்து மூவர் உயிரிழந்தனர். அந்த ரயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல். வரியோ போதிய அளவு இருந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்காகப் போராடியதன் பயனாக, 2021 மாசி முதல், பத்து ஆண்டு கடந்த ரயர்களைப் பஸ்களினதும் லொறிகளினதும் முன் அச்சில் பூட்டுவது அங்கே தடைசெய்யப்பட்டது. இதை வாசித்த இரவு எமக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாளே புதிய ரயர் தேடத் தொடங்கினோம். இம்முறை புத்தி சொல்லாமல் கற்றுக்கொள்ளப் போனோம். கடையில் மகனின் கண், பதினேழு அங்குலச் சில்லுத் தொகுதி ஒன்றின்மேல் விழுந்தது. மெல்லிய ஆரங்கள், கண்ணைப் பறிக்கும் அழகு. நாம் பென்சிலை எடுத்தோம். மாணவர்களும் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம். ரயரில் 185/60, 14 என்று எழுதியிருந்தால், அகலம் 185 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 வீதம், அஃதாவது 111 மில்லிமீற்றர். சில்லின் விட்டம் 14 அங்குலம். மேலும் கீழும் உள்ள சுவரைக் கூட்டினால் முழு விட்டம் ஏறக்குறைய 578 மில்லிமீற்றர். இதுவே தொழிற்சாலை அந்தக் காருக்குக் கொடுத்த அளவு. பதினேழு அங்குலச் சில்லுக்குக் கடைக்காரர் காட்டிய 205/40 ரயரைப் பூட்டினால் 596 வரும். 195/50, 15 என்ற ரயரோ 576. தொழிற்சாலை அளவுடன் இரண்டே மில்லிமீற்றர் வித்தியாசம். வேகமானியும் பொய் சொல்லாது; இயந்திரத்தின் இழுவையும் மாறாது.

அடுத்தது எடை. தொழிற்சாலைச் சில்லு ஐந்தரைக் கிலோ அளவு. அந்த அழகிய பதினேழு அங்குலச் சில்லு கடைத் தராசில் ஒன்பது கிலோவைத் தாண்டியது. சில்லின் எடை, பெட்டியில் ஏற்றிய சாமானின் எடை போன்றதன்று. வில்லுச்சுருளுக்குக் கீழே கிடப்பதால், பாதை மேடுபள்ளமாயிருக்கும்போது பாரமான சில்லு நிலத்தைவிட்டுத் துள்ளும். சுழல வைப்பதற்கும் நிறுத்துவதற்கும் வேறு அதிக பலம் வேண்டும். அழகுக்காகக் காலில் இரும்புச் செருப்பு அணிந்து ஓடுவாருண்டோ?

"பதினைஞ்சே போதும், அப்பா," என்று அவனாகவே சொன்னான்.

ஏழு அங்குல அகலமுள்ள, எடை குறைந்த பதினைந்து அங்குலச் சில்லுகளைத் தெரிந்தோம். நான்கு துளைகளும் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்தவையா, நடுத்துளை காரின் 54.1 மில்லிமீற்றர்க் குடத்தில் இறுக்கமாக உட்காருமா, சில்லு உள்ளே உராயாமலும் வெளியே பிதுங்காமலும் நிற்குமா என்பவற்றையெல்லாம் பார்த்த பின்னரே பணம் கொடுத்தோம்.

ரயரின் தேர்வு இன்னும் கடினமாயிருந்தது. வரியே இல்லாதது போன்ற பந்தய இனம் ஒன்று உண்டு. சூடேறிய பின் பாதையைப் பசைபோலப் பற்றும், ஆனால் குளிரிலும் மழையிலும் நம்பத்தகாதது, விரைவில் தேய்வது. சாதாரண வீதி ரயரோ பல்லாயிரம் மைல் உழைக்கும். பாதையின் சூட்டைத் தாங்காது. ரயரில் தேய்மான இலக்கம் ஒன்று பொறித்திருப்பார்கள். ஏறக்குறைய 100 அல்லது அதற்குக் கீழ் என்றால் முதலினம். 400 அளவென்றால் இரண்டாவது. மகன் மழை நாட்டில் வாழ்பவன். அதே ரயரில் வேலைக்கும் போக வேண்டியவன். ஆகவே 200 இலக்கமுடைய நடுத்தர இனத்தை எடுத்தான். நாம் முதலில் பார்த்தது பிறந்த வாரத்தை. நான்கும் அவ்வாண்டிலேயே செய்யப்பட்டவை.

புரட்டாதியில் மீண்டும் பிரான்ட்ஸ் ஹாட்ச் சென்றோம். இம்முறை இல்லாளும் வந்தாள். நட்டுகளை மகன் அளவு காட்டும் ஸ்பனரால் 100 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினான். சில சுற்றுகள் ஓடி, சில்லு ஆறிய பின் மீண்டும் சரிபார்த்தான். காற்றழுத்தம் காலையில் சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல். ஓடி வந்து சூட்டோடு அளந்தபோது 33. மூன்று இறாத்தல் இறக்கினான். வீடு திரும்புமுன் மறக்காமல் ஏற்றினான். சுற்றில் வலப்புற வளைவுகளே அதிகமாதலால் இடப்புற ரயர்கள் கூடுதலாக உழைத்துச் சூடேறுவதையும் தொட்டுக் காட்டினான்.

பெடொக் ஹில் வளைவில் அன்று ஒன்றும் நிகழவில்லை. சிவப்புக் கார் வந்தது, இறங்கியது, போயிற்று. அந்த "ஒன்றும் நிகழாமை"க்காகவே இத்தனை செலவும் கணக்கும் என்பதை நினைத்துக்கொண்டோம்.

பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த டன்லப், தமது சிறு மகனின் முச்சில்லு வண்டி கல்வீதியில் குலுங்காமல் ஓடவேண்டுமென்றே இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லைச் சுற்றிப் பொருத்தினார். 1888 இல் அதற்கு உரிமைப் பதிவும் பெற்றார். ஒரு தந்தை தன் பிள்ளைக்காகச் செய்த பொருளைக் கொண்டே இன்னொரு தந்தையாகிய நாம் எமது பிள்ளையை ஆபத்துக்குள் அனுப்பினோம். சிக்கனம் எமது குற்றமன்று; அந்தக் காலத்தில் அதுவே எம்மை வாழவைத்தது. காரணம் போன பின்னும் பழக்கத்தைப் புத்தி என்று பிள்ளைக்குக் கொடுத்ததே குற்றம்.

பின்னேரம் மகன் தாயைப் பார்த்து, "ஒரு சுற்று வாறியளோ, அம்மா?" என்று கேட்டான். அவள் மறுப்பாள் என்றே நினைத்தோம். அவள் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டாள். ஏறுமுன் குனிந்து, முன் ரயரில் பெருவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்தாள். நகம் பதிந்தது. ஏறி உட்கார்ந்தாள்.

ஊர் திரும்பிய அன்றே எமது வீட்டுக் காரின் ரயர்களில் அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் பார்த்தோம். என்ன கண்டோம் என்று எழுத வெட்கமாயிருக்கிறது. நான்கையும் மாற்றிவிட்டோம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம். வாசகர்களும் இன்றைக்கே ஒருமுறை குனிந்து பார்ப்பது நன்று.