விரலுக்கு ஒரு வாழ்த்து

தீபாவளி வாழ்த்து அட்டை என்றதும் நமக்கெல்லாம் வண்ணந்தான் நினைவுக்கு வரும். லயத்து வீட்டு முன்வாசலில் கயிறு கட்டி அட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்ட காலத்தில், யார் வீட்டில் அதிகம் என்று பிள்ளைகள் போட்டி போட்டு எண்ணுவார்கள். இப்போது வாழ்த்து கைப்பேசியில் வந்து விழுகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், காசும் மிச்சம். ஆனால், என் பெரியக்காவுக்கு அதுவும் பயன்படாது, கடையில் விற்கும் மினுமினுப்பு அட்டையும் பயன்படாது. 28 ஆண்டுகள் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். இனிப்பு நீர் அவர் கண்களைப் பறித்துக் கொண்டது.

அவருக்காகத்தான் புடைப்புப் படம் உள்ள அட்டை செய்யத் தொடங்கினேன். வேலை எளிது, சகோதரிகளே. பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் குத்துவிளக்கையோ மாம்பழத்தையோ வரைந்து, கூரிய கத்தியால் உள்பாகத்தை வெட்டி எடுத்தால் அச்சு தயார். அதை சன்னல் கண்ணாடியில் ஒட்டி, அட்டையின் முகப்பை அதன்மேல் கவிழ்த்துப் பிடியுங்கள். வெட்டிய இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அட்டையின் பின்பக்கத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிட்டு, கரண்டிக் காம்பின் உருண்ட நுனியால் ஓரங்களை மெல்ல அழுத்தி வரவேண்டும். அவசரம் கூடாது, தாள் கிழிந்துவிடும். மை வேண்டாம், பசை வேண்டாம். திருப்பிப் பார்த்தால் படம் மேலெழுந்து நிற்கும்.

பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் (1809–1852) மூன்று வயதில், சேணம் தைக்கும் தகப்பனாரின் பட்டறையில் குத்தூசி பட்டுப் பார்வையை இழந்தவர். அவர் வகுத்த ஆறு புள்ளி எழுத்தைக் கையால் எழுதுவதும் இப்படித்தான். தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்துவார்கள். திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவி வாசிப்பார்கள். தமிழுக்கும் அந்த எழுத்து உண்டு. கற்றுக்கொள்ளலாமே என்று அக்காவிடம் சொன்னேன்.

“நாலாம் வகுப்புல படிச்சதே மறந்துபோச்சு. எனக்குப் படமே போதும்,” என்றார்.

முதல் அட்டையில் குத்துவிளக்கு. அடித்தட்டிலிருந்து விரலை மெல்ல ஏற்றினார். உச்சியில் நின்று எண்ணினார். “அஞ்சு முகம்,” என்றார். அதைத் தலையணைக்கடியில் வைக்காதீர்கள், நசுங்கிவிடும் என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

மறு வருசம் அவரே கேட்டார்: “கித்தா மரமும் மங்கும் போட்டுக் குடு, தங்கச்சி.”

விளக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், மரம் அப்படியல்ல. வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பின்பக்கமிருந்து தேய்ப்பதால் அச்சைத் திருப்பிப் போட்டால்தான் முன்பக்கம் சரியாக வரும். அப்படியே போட்டேன்.

அக்கா பட்டையைத் தடவினார். விரலைச் சரிவாக இறக்கி, மங்கின் விளிம்பில் நிறுத்தினார்.

“பால் இன்னும் சொட்டலியே?”

அட்டையை மடித்த துணிமேல் கவிழ்த்து, எழுதித் தீர்ந்த பேனாவால் மூன்று புள்ளி குத்திக் கொடுத்தேன்.