வானவழித் தொலைவு

கரைத்தீவிலிருந்து தெற்கே நோக்கின், நீருக்கு அப்பால் கற்பிட்டி. படகினர்க்கு அது அண்டை ஊர்; பேருந்தில் செல்வோர்க்கோ புத்தளமும் பாலாவியும் சுற்றிச் சேரவேண்டிய அயலூர். தொலைவு யாதென மாணவர்க்கு விளக்க நமக்கு இதுவே முதற்பாடம்.

வடதுருவப் பகுதியில், சுவால்பார்ட் தீவுகளிலுள்ள லொங்யியர்பியன் விமான நிலையம் 1975இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து நோர்வேயின் திரொம்சோ நகர் ஏறத்தாழ 960 கிலோமீற்றர். இடையே குளிர்கடல். ஆயினும் பயணம் ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்றே மேல்.

பலாலியிலிருந்து சென்னையோ 360 கிலோமீற்றருக்கும் குறைவு. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து அவ்வழியே சென்னை சென்றது. பின்னாளில் அச்சேவை நின்றது, போரும் மூண்டது. போர் ஓய்ந்தபின், யாழ்ப்பாணத்திலிருந்த நம் தமக்கையார் சென்னையிலுள்ள மகனைக் காண, இரவுப் பேருந்தில் கொழும்பு நோக்கி வருவார். வடக்கே செல்லத் தெற்கே வரும் பயணம்! நள்ளிரவில் நாம் புத்தளத்தில் காத்திருந்து, சுடுநீரும் பலகாரப் பொதியும் கொடுத்தனுப்புவோம். முழங்கால் வலி மிகவே, 2018இல் அதனையும் நிறுத்தினார். பேரனைப் புகைப்படத்தில் மட்டுமே கண்டு வந்தார்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டது. அதன்பின் தமக்கையார் சென்றார். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பேரன் அதற்குள் அவரினும் உயர்ந்துவிட்டான்.

மாணவர்களே, நிலப்படத்தில் தொலைவை அளந்தபின், அவ்வழி திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பயண நேரம் அதன்பின்னரே தெரியவரும்.