இரண்டாவது போத்தல்

ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் சட்டத்தரணியான என்னைத் தேடி வந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. மூளைவாதம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"முதல் பிள்ளைக்கு வலி வந்து வந்து போச்சுங்க ஐயா. இந்தப் பிள்ளைக்கு மிஸ்ஸி சேலைன்ல மருந்து போட்ட பொறகு வயிறு விடவே இல்ல. இழுத்துப் பிடிச்சது பிடிச்சபடியே நின்னுச்சு" என்றார் அந்தத் தாய். வழக்கு முழுவதும் அந்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் இருந்தது. அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கத்தான் ஆண்டுக்கணக்கில் ஆனது.

நட்டஈட்டு வழக்குக்கு நமது காலவதிச் சட்டம் பொதுவாகத் தரும் காலம் 2 ஆண்டு. அரச ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபர் மேல்தான் வழக்கு. அதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். ஊழியர் செய்த தவறுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் ஹட்டனுக்கு ஒருமுறை வந்துபோனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிற குடும்பத்துக்கு, இரண்டு ஆண்டு என்பது கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால், பெற்றோர் தங்கள் பெயரில் வழக்குப் போட முடியாது என்று நான் கையை விரித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெட் ஹெட் டிக்கெட்டின், அதாவது தாயின் சிகிச்சைப் பதிவின், பிரதியை எடுத்தோம். ஆங்கிலத்தில் கிறுக்கலான கையெழுத்து. பிரசவ விடுதிகளில் பல ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அதை வரி வரியாக எனக்கு வாசித்துக் காட்டினார். வலியைக் கூட்ட அந்தத் தாய்க்குக் கொடுத்தது ஒக்சிடோசின். கர்ப்பப்பை இறுகும்போது பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, தளரும்போது மீண்டும் பாய்கிறது. அந்தத் தளர்ச்சிதான் பிள்ளை மூச்சு வாங்கும் நேரம். மருந்து கூடினால் இடைவெளி இல்லாமல் போய்விடும். 10 நிமிடத்தில் 5 தடவைக்கு மேல் வலி வந்தால் சொட்டை நிறுத்த வேண்டும். குழாயில் உள்ள சிறு சக்கரத்தை மூடினாலே போதும், சில நிமிடங்களில் மருந்தின் வேகம் இறங்கத் தொடங்கும். அதனால்தான் இந்த மருந்து ஓடும்போது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், வயிற்றில் கை வைத்து வலியை எண்ண வேண்டும், பிள்ளையின் இதயத் துடிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

டிக்கெட்டில் குறை எதுவும் தெரியவில்லை. அரை மணிக்கு ஒரு பதிவு. சொட்டு நிமிடத்துக்கு 20. இதயத் துடிப்பு எல்லாம் சீர்.

அந்த ஓய்வுபெற்ற தாதியின் விரல் வேறொரு தாளில் நின்றது. உடம்புக்குள் போன திரவத்தின் கணக்கு அது. சாதாரண சேலைன் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலீட்டர். நிமிடத்துக்கு 20 சொட்டு என்றால் 500 மில்லிலீட்டர் போத்தல் தீர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தத் தாளிலோ, மூன்று மணி நேரத்துக்குள் முதல் போத்தல் முழுவதும் ஏறி, இரண்டாவது போத்தல் தொங்கியிருந்தது. அப்படியென்றால் சொட்டு நிமிடத்துக்கு 60 அளவில் ஓடியிருக்க வேண்டும். எழுதியதைப் போல மூன்று மடங்கு.

தாய் எந்த முறைப்பாடும் செய்யவில்லை என்பது அரச தரப்பின் வாதங்களில் ஒன்று. அவர் தமிழில் கத்தியிருக்கிறார். அன்று இரவு அங்கே கடமையில் இருந்த எவருக்கும் தமிழ் தெரியாது. நுவரெலியா மாவட்டத்தில் இரு மொழியிலும் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று 1999இல் வர்த்தமானி வந்தது. நள்ளிரவுப் பிரசவ அறைக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை. "வயிறு விடவே இல்லை" என்பது வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தேர்ந்த தாதிக்கு அது ஒரு நோய்க்குறி. மொழி புரிந்திருந்தால் சக்கரத்தை மூடியிருப்பார் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அன்று கடமையில் இருந்த தாதி சாட்சிக் கூண்டில் ஏறியபோது பொய் சொல்லவில்லை. அன்று இரவு பிரசவ அறைக்கும் பக்கத்து வார்டுக்கும் தான் ஒருவரே என்றார். அறையில் இன்னொரு தாய்க்கு இரத்தப்போக்கு கூடியதால் அங்கே ஓடியதையும், பதிவுகளைப் பிறகு சேர்த்து எழுதியதையும் ஒத்துக்கொண்டார். அவருடைய பெயர் எதிராளிகள் பட்டியலில் இல்லை. அவரையும் சேர்க்கும்படி என்னிடம் சிலர் சொன்னார்கள், நான் மறுத்தேன். இத்தனை கவனம் தேவைப்படும் மருந்தை ஓடவிட்டு, அதைப் பார்க்க ஆள் போடாத ஏற்பாட்டின் மேல்தான் என் வழக்கு.

கடினமான பகுதி இனித்தான். மருத்துவக் கவனக்குறைவு தொடர்பான பேராசிரியர் பிரியாணி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் விதித்தது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது, 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. அந்த வழக்கின் பாடம் இது: தவறு நடந்தது என்று காட்டினால் போதாது, அந்தத் தவறால்தான் இழப்பு வந்தது என்றும் நிறுவ வேண்டும். எங்கள் வழக்கிலும் அரச தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. மூளைவாதத்துக்குக் காரணம் பல, பிரசவத்துக்கு முன்பே வந்திருக்கலாம் என்றார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் சொட்டு ஏற்றுவதற்கு முன் பதிவான இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. பிறந்த பிள்ளை அழவில்லை, முதல் நாளே வலிப்பு வந்தது. கர்ப்பிணி கிளினிக் அட்டையில் கோளாறு எதுவும் எழுதப்படவில்லை. அந்த அட்டையைத் தாய் பிளாஸ்டிக் உறையில் போட்டு லயத்துக் காம்பராவில் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் மகப்பேற்று நிபுணரை அரச தரப்பு இரண்டு தவணை குறுக்கு விசாரணை செய்தது. திரவக் கணக்கை அவர்களால் அசைக்க முடியவில்லை.

அதன்பிறகு சமரசத்துக்கு வந்தார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே பணம் கட்டச் சம்மதித்தார்கள். நான் தீர்ப்பை விரும்பினேன். ஆனால் மேன்முறையீடுகள் முடியும்வரை அந்தப் பிள்ளையின் மருத்துவம் காத்திருக்க முடியாது. அவனுக்காகச் சம்மதித்தோம். பணம் நீதிமன்றக் கட்டளைப்படி பிள்ளையின் பெயரில் வைப்பிலிடப்பட்டு, மருத்துவச் செலவுக்கு மட்டும் எடுக்க அனுமதி கிடைத்தது.

இப்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவருடைய மருத்துவப் பதிவை அவருடைய சம்மதம் இல்லாமல் பிறருக்குக் கொடுக்க முடியாது என்கிறது அந்தச் சட்டம். தன் பதிவைத் தானே கேட்கும் தாய்க்கு அந்தத் தடை இல்லை. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து யாராவது இப்படியொரு குறையோடு வந்தால் நான் முதலில் அந்த விண்ணப்பத்தைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். டிக்கெட் மட்டும் போதாது, திரவக் கணக்குத் தாளும் வேண்டும் என்று அதில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.